எதிர்வீட்டுச் செடிக்கு நாகவல்லி போட்ட முடிச்சு

காலையில் புருஷனுக்கு ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு, அது ஆறுவதற்குள் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிற பெண்டாட்டியை எந்த ஆம்பளை சும்மா விடுவான்? வேம்புலி விட்டார். மனசார விடவில்லை. வாயைத் திறந்தால் அன்றைக்குச் சோறு குழைந்து வரும், குழம்பில் உப்பு ஏறி வரும், ராத்திரிவரை பாத்திரங்கள் பேசும். அதனால் விட்டார். விட்டுவிட்டு, நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கோவில்பதாகையில் அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டே வீடு. எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்று வேம்புலியுடையது. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டி, வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை அந்த மிஷினுக்கே கொடுத்துவிட்டு வந்தவர். மகன் வெற்றிச்செல்வன் வானகரத்தில் தனியாக இருக்கிறான். மகள் யுவராணியைப் பூந்தமல்லியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் நாகவல்லியும்தான்.

எதிர்வீடு விக்ரம் என்கிற கம்ப்யூட்டர்காரப் பையன் வாங்கியது. வாங்கின கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டான். காவலுக்கு அப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அப்பா பெயர் சம்பந்தம். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து ஆள். கரண்ட் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டாள். வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டை. பேசினால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. வேம்புலிக்கு அதுதான் முதலில் பிடிக்காமல் போனது. இவ்வளவு மரியாதை கொடுக்கிறவன் எதையோ எடுக்கத்தான் கொடுக்கிறான் என்பது அவர் கட்சி.

அந்த ஆள் வீட்டு ஜன்னலில்தான் செடிகள் இருந்தன. செடி என்று சொன்னால் தோட்டம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் உள்ளங்கை அகலம்கூட வராது. சிலது பக்கமெல்லாம் ஓட்டை போட்ட சின்ன மண்சட்டியில், கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நட்டது. சிலதுக்குச் சட்டியும் இல்லை. ஒரு மரத்துண்டில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தது. ஒரு பிடி மண் கிடையாது. வேர் வெட்டவெளியில் புழு மாதிரித் தொங்கும். ஆர்கிட் என்று பெயர். நாகவல்லி வாயில் அது ஆர்க்கெட்டு. வேம்புலி அதைப் புல்லுருவி என்றுதான் சொன்னார். ஒருநாள் வண்டி நிறுத்துகிற இடத்தில் அந்த ஆளின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த ஆள் கோபப்படாமல் விளக்கம் கொடுத்தார். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுமாம். இது மரத்தைச் சும்மா பிடித்துக்கொள்ளத்தான் செய்யுமாம். காற்றிலும் மழையிலும் வருவதை வைத்துப் பிழைத்துக்கொள்ளுமாம்.

பிடித்துக்கொண்டவன் உறிஞ்சாமல் இருந்ததை வேம்புலி இந்த வயசுவரை பார்த்ததில்லை.

இத்தனைக்கும் ஆரம்பித்து வைத்தது அவரேதான். அதை நினைத்தால்தான் வயிறு இன்னும் எரிந்தது. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, எதிர்வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற ஆளுக்கும் ஒரு தூக்கு கொடுத்துவிட்டு வா என்று நாகவல்லியை அனுப்பியது அவர். கூழ் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? போனவள் முருங்கைக்கீரை வதங்குகிறவரை வரவில்லை. வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததை அவளே சொன்னாள். அந்த ஆள் மீன் பிடிக்கிற நரம்பை வைத்துக்கொண்டு, ஒரு செடியை மரத்துண்டில் கட்டப் பார்த்து மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாராம். ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் வழுக்குகிறதாம். இவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, வாழை நார் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றதும் நம் வீட்டுப் பரண்மேல் கிடந்த பழைய நார்க் கட்டை எடுத்துக்கொண்டு போய், நனைத்து, கட்டிக் கொடுத்தாளாம். முதல் செடியை மல்லிகைப்பூ கட்டுகிற நினைப்பில் இறுக்கி இழுத்துவிட்டாள். வேர் பட்டென்று ஒடிந்துபோனது. அதற்கு அந்த ஆள், 'பரவால்லீங்கம்மா, எனக்கும் நாலு செத்துத்தான் ஒண்ணு நின்னுதுங்க' என்றாராம். இரண்டாவது சரியாக வந்துவிட்டதாம்.

வேம்புலிக்கு எல்லாவற்றையும் விட அந்த நார்தான் குத்தியது.

நாகவல்லி ஆவடி மார்க்கெட்டு வாசலில் பூ விற்றவள். கட்டுகிற கை வேகத்தில் விரல் கண்ணுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பாள், சரம் மடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். அவள் இடக்கைக்காரி, அதனால் அவள் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சு மாதிரி இல்லாமல் இடது பக்கமாகச் சாய்ந்து உட்காரும். நூறு சரத்துக்கு நடுவில் போட்டாலும் இது நாகவல்லி கட்டியது என்று வேம்புலி எடுத்துக் காட்டுவார். கடையை விட்ட பிறகு, விரல் மரத்துப்போகிறது என்று சொல்லி வீட்டுக்குப் பூ கட்டுவதையும் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்குப் போடுகிற பூவை வேம்புலிதான் தெருமுனையில் வாங்கி வருகிறார். எவளோ கட்டிய, பாதியில் அவிழ்கிற சரம்.

சொந்த வீட்டு அம்மனுக்கு மரத்துப்போன விரல், எதிர்வீட்டுப் புல்லுருவிக்கு எப்படி உயிர் பெற்றது? இந்தக் கேள்வியை அவர் வெளியே கேட்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டு மென்றார்.

அதற்குப் பிறகு தினமும் போக்குவரத்துதான். இரண்டு கதவும் திறந்தே இருக்கும். வேம்புலி நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த ஹாலில் ஒரு துண்டு தெரியும். நாகவல்லியின் முதுகு, ஜன்னல் கம்பி, சில சமயம் அந்த ஆளின் சட்டைக் கை. தண்ணீர் அடிக்கிற பாட்டில் புஸ் புஸ் என்று சத்தம் போடும். பிறகு பேச்சு. பிறகு, எப்போதாவது, அவள் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் வேம்புலிக்குக் கொசுக்கடி மாதிரி. அடிக்கவும் முடியாது, சொறியாமல் இருக்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. வேர் சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் தாகமாம். தண்ணீர் பட்டுப் பச்சையாகிவிட்டால் போதுமாம். நடுக் குருத்தில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடுமாம். ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து உதறவேண்டுமாம். பொழுது சாய்ந்த பிறகு ஊற்றவே கூடாதாம். ஒரு செடியின் வேர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கிற இவள், புருஷன் முகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தாளா?

நம்ம ஊர் போர் தண்ணீர் அந்தச் செடிகளுக்கு ஆகாதாம். உப்பு ஏறி வேர் கருகுமாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் நல்லதாம். சம்பந்தம் வீட்டு ஏசியில் சொட்டுவது போதவில்லை என்று, நாகவல்லி தன் வீட்டு ஏசிக் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டாள். வெற்றிச்செல்வன் அப்பனுக்காகப் போட்டுக் கொடுத்த ஏசி. அப்பன் தூங்கத் தூங்க, அதில் சொட்டுகிற தண்ணீர் எதிர்வீட்டுக்கு நடந்தது. இது தெரிந்த நாளிலிருந்து வேம்புலி ஏசியைப் போடவில்லை. ஆவணி மாசப் புழுக்கத்தில், பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, வேர்த்து வழிந்துகொண்டு படுத்தார். கேட்டதற்கு, குளிர் உடம்புக்கு ஆகவில்லை என்றார். காலையில் பக்கெட் காய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் யுவராணியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டாள். யுவராணி வேலைக்குப் போகிறவள். அம்மா வந்து கொஞ்ச நாள் இருந்தால் நல்லது என்று அழைத்தாள். நாகவல்லி துணிப்பையை எடுத்து வைத்தாள். அதே சமயத்தில் எதிர்வீட்டு ஆள் பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார்.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில்.

வேம்புலி அதைக் கேட்டுவிட்டுக் காதை மட்டும் குடைந்துகொண்டார்.

கிளம்புகிற அன்று நாகவல்லி ஒரு சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். எதிர்வீட்டுச் சாவி. எதிர்வீட்டுச் சாவி இவள் கையில் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

"காலையில ஒரு தபா போய் தண்ணி அடிச்சிட்டு வந்துடு. நான் கட்டனது நடு கம்பியில தொங்குது, அத்த மட்டும் நல்லா பாத்துக்க. மறந்துடாதய்யா. வாயில்லாததுங்க."

"எனக்கு வாய் கீதுன்னு தானே கவனிக்க ஆளில்ல."

"உனக்கு வாய் மட்டும்தான் கீது," என்று சொல்லிவிட்டு அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வேம்புலி மகளுக்குப் போன் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை, உங்கம்மா எங்கே வைத்தாள் என்று கேட்டார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. நாகவல்லி வந்து பேசினாள். மறுநாள் உளுந்து டப்பா எங்கே என்று கேட்டார். அதற்கு மறுநாள், காஸ் புத்தகம். மூன்றாவது தடவை யுவராணியே சிரித்துவிட்டாள். "இன்னா நைனா, அம்மா இங்கதான் கீது. வோணும்னா வீடியோல காட்டவா?" என்றாள். வேம்புலி போனை வைத்துவிட்டார். பூந்தமல்லியில் இருக்கிறாள், சரி. அந்த ஆள் பெங்களூரில்தான் இருக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

அதுவரை அவர் எதிர்வீட்டுப் பக்கம் போகவில்லை. காயட்டும் என்று விட்டிருந்தார். மறுநாள் காலையில் போனார். தண்ணீர் ஊற்ற அல்ல. துப்புப் பார்க்க.

கதவைத் திறந்ததும் நேரே சமையலறைக்குத்தான் போனார். அவர் தேடியது ஒரு டம்ளரை. இந்த மாதிரி மரியாதை பேசுகிற வீடுகளில், நம் ஜனத்துக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்திருப்பார்கள். சின்ன வயசில் அப்படிப்பட்ட டம்ளரில் குடித்தவர்தான் அவர். எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தொட்டிக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். துணி காய்கிற இடத்தில் ஜன்னல் விளிம்பில் பார்த்தார். அது மட்டும் கிடைத்திருந்தால் போதும். நாகவல்லியின் கையில் அதைக் கொடுத்து, இதில்தானே குடித்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

கிடைக்கவில்லை. மேடைமேல் பூப் போட்ட பீங்கான் கப் இரண்டு, கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்திருந்தது. இரண்டும் ஒரே ஜோடி.

வேம்புலிக்கு அந்த டம்ளர் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கப்புகளுக்கு மேலே இருந்த பலகையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவருடைய அண்ணன் தின்ற அதே சக்கரை வியாதி மாத்திரை. நிறத்தைப் பார்த்தே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நிறையச் சக்கரை. சக்கரை மாத்திரை தின்கிறவன் வீட்டில் சக்கரை யாருக்கு? நாகவல்லி டீயில் மூன்று கரண்டி போடுகிறவள்.

அவர் ஹாலுக்கு வந்தார். நடுக் கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மரப்பட்டைத் துண்டு, அதன்மேல் நாலு தடித்த இலை, குச்சி மாதிரி ஒரு தண்டு. இடுப்பில் நார்க் கட்டு. முடிச்சு இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தெரிந்த முடிச்சு. கல்யாணமான புதிதில் பட்டறைக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் துணியால் கட்டி இதே முடிச்சைத்தான் போட்டு அனுப்புவாள். மத்தியானம் அதை அவிழ்க்கப் பொழுது போகும். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

மேஜைமேல் அந்த ஆளின் சவரப் பெட்டி இருந்தது. பிளேடை எடுத்தார். பாதி விரலோடு பிளேடு பிடிப்பது அவருக்குக் கஷ்டமில்லை, பழகியது. முடிச்சின் கீழே வைத்து ஒரு இழுப்பு. காய்ந்த நார் சத்தமில்லாமல் விட்டது. கட்டு இரண்டாக அவிழ்ந்து அவர் கையில் விழுந்தது.

செடி விழவில்லை.

வேம்புலிக்கு அது எப்படி நிற்கிறது என்று புரியவில்லை. மரத்துண்டை ஆட்டினார். விழவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறினார். விழவில்லை. கிட்டே வைத்துப் பார்த்தார். நாரின் மறைவிலேயே வேர்கள் பட்டைமேல் படர்ந்து, வெடிப்புக்குள் எல்லாம் நுழைந்து, பல்லி சுவரைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தன. இரண்டு விரலால் ஒரு வேரை நெம்பினார். பட்டை உரிந்து வந்தாலும் வரும், வேர் வராது என்று தெரிந்தது. எப்போது பிடித்ததோ. நார் சும்மா பேருக்குச் சுற்றியிருந்திருக்கிறது.

கூழ் கொடுத்து எத்தனை நாள் ஆகிவிட்டது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அவருக்கு இப்போது வேறு ஒரு பயமும் வந்தது. நாகவல்லி வந்ததும் நேரே இதைத்தான் பார்ப்பாள். கட்டு எங்கே என்பாள். வேம்புலி அறுந்த நாரைத் தண்ணீரில் நனைத்து, திரும்பச் சுற்றி, முடிச்சுப் போடப் பார்த்தார். நார் வழுக்கியது. இல்லாத விரல் துண்டு இருக்கிற மாதிரியே மனசு உத்தரவு போட்டது, கைதான் கேட்கவில்லை. பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒருவழியாக ஒரு முடிச்சைப் போட்டு முடித்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

அப்படியே அங்கிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இது அவள் உட்காருகிற இடம் என்று தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் இரண்டு கதவையும் தாண்டி அவருடைய காலி நாற்காலி நேராகத் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், அவளும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜன்னலில் எல்லா வேரும் சாம்பலாக வெளுத்துக் கிடந்தது. பாட்டிலை எடுத்து ஒன்றின்மேல் அடித்தார். வெளுப்புக்குள்ளிருந்து பச்சை மெதுவாக மேலே வந்தது. நனைந்த இடம் மட்டும், ஓரம் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு எதிரேயே நிறம் மாறியது. இன்னொன்றின்மேல் அடித்தார். இதைப் பார்க்கத்தான் இவள் தினமும் வருகிறாளா, இல்லை அந்த ஆளைப் பார்க்கவா? எல்லாவற்றுக்கும் அடித்து முடித்த பிறகும் அதற்கு விடை தெரியவில்லை. குருத்தில் நின்ற தண்ணீரை ஒவ்வொன்றாக உதறிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

மீதி நாளெல்லாம் தினமும் போனார். போய்த் தண்ணீர் அடித்தார். அந்த முடிச்சை மட்டும் பார்க்காமல் திரும்பினார்.

நாகவல்லி திரும்பி வந்த அன்று பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வேம்புலி நாற்காலியில் உட்கார்ந்து எதிரே பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவள் வந்தாள். அவர் மடியில் ஒரு நார்த்துண்டைப் போட்டாள். முடிச்சு அதில் அப்படியே இருந்தது. வலது பக்கம் சாய்ந்த முடிச்சு.

"இது யாரு போட்டது?"

வேம்புலி பாதி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"நான் போட்டத இன்னா பண்ண?"

"அறுத்துட்டேன்."

"இன்னாத்துக்கு?"

அதற்கு அவர் மூச்சு விடாமல் பேசினார். இத்தனை நாள் மென்றதெல்லாம் வெளியே வந்தது. அம்மன் படத்துக்கு மரத்துப்போன விரல், தன்னைக் கேட்காமல் வாங்கிய சாவி, ஏசித் தண்ணீர், ஜோடிக் கப்பு, சக்கரை பாட்டில். கடைசியில், இந்த வயசில் ஊர் சிரிக்க இப்படி ஒருத்தன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டார். கேட்கும்போது குரல் அவர் நினைத்த மாதிரி அதட்டலாக வரவில்லை.

நாகவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நார்த்துண்டைத்தான் பார்த்தாள்.

"கடையை விடுன்னது யாரு? புள்ள சம்பாரிக்கறான், தெருவுல குந்திகினு பூ வித்தா மானம் போவுதுன்னியே. வுட்டேன். சும்மா கெடந்தா விரலு மரத்துதான் போவும். அங்க வேல கீது, போறேன்."

"இங்க இல்லாத வேலயா?"

"இங்க கீறது நான் செஞ்சே ஆவணும்ன்ற வேல. அந்த மனுசன் இது எப்படிம்மா செய்யறதுன்னு என்னாண்ட கேக்கறாரு. நீ என்னிக்காவது என்னாண்ட எதையாவது கேட்டு கீறியா? உளுந்து டப்பா எங்கன்னு கேட்டதெல்லாம் கணக்குல சேராது."

வேம்புலி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்த ஆள் உன்னிடம் கேட்பது, அதையே சாக்காக வைத்து உன்னை உட்காரவைக்கத்தான் என்றார். நாகவல்லி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். வேண்டுமானால் நீயும் வந்து உட்கார், யார் வேண்டாம் என்றது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்குச் சோறு குழையவில்லை. உப்பும் சரியாக இருந்தது. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

சம்பந்தம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்து திரும்பினார். மறுநாள் காலையில் நாகவல்லி டீ வைக்கவில்லை. "வா, அங்க போய் குடிக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். வேம்புலி பின்னாலேயே போனார். போகாமல் இருந்தால் நாற்காலியிலிருந்து பார்க்கவேண்டிவரும்.

அந்த ஆள் ஜன்னலருகில் நின்று, நடுக் கம்பிச் செடியைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகவல்லி வாயைத் திறக்கவில்லை. சொல்வதானால் நீயே சொல் என்பது மாதிரி நின்றாள்.

"கட்டை அறுத்தது நீங்களாங்கண்ணா?"

"ஆமா," என்றார் வேம்புலி. "பிடிக்கல, அறுத்தேன்."

சம்பந்தம் தலையை ஆட்டினார். நானே ஊரிலிருந்து வந்ததும் அறுக்கலாம் என்றுதான் இருந்தேன், வேர் பிடித்த பிறகு கட்டு இருந்தால் தண்டை நெருக்கும் என்றார். பிறகு, வேர் பிடித்ததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பிடிக்கவில்லை என்று வேம்புலி சொன்னதை அந்த ஆள் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்றும் தெரியவில்லை. வேம்புலி அதைத் திருத்தப் போகவில்லை. நாகவல்லி அந்தப் பக்கமாகத் திரும்பிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

டீ வந்தது. தட்டில் பூப் போட்ட கப் இரண்டு. கூட ஒரு எவர்சில்வர் டம்ளர்.

ஒரு கப் நாகவல்லிக்குப் போனது. டம்ளர் வேம்புலிக்கு முன்னால் வந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் இந்த வீடு முழுக்கத் தேடிய டம்ளர், இதோ, தானாக வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. ரத்தம் காதுவரை ஏறியது. சம்பந்தம் அதைக் கவனித்தாரோ என்னவோ, ரெண்டு கப்புதானுங்க மிச்சம், மத்ததெல்லாம் மருமக பெட்டி கட்டிட்டாளுங்க என்றார். சொல்லிக்கொண்டே தன் கப்பை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தார்.

வேம்புலி கையை நீட்டி அந்தக் கப்பை எடுத்துக்கொண்டார். டம்ளரை அந்த ஆள் பக்கமாகத் தள்ளினார்.

சம்பந்தம் டம்ளரையும் வேம்புலியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே டம்ளரைக் கையில் எடுத்து, "எதுல குடிச்சா என்னங்கண்ணா," என்றார். ஆனால் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வேம்புலி ஒரு வாய் இழுத்தார். வேப்பிலையைக் காய்ச்சிய மாதிரி இருந்தது.

"அதுல சக்கர இல்ல," என்றாள் நாகவல்லி, கப்பை வாயிலிருந்து எடுக்காமலே. "அது அவருது. உன்னுது டம்ளர்ல கீது. மாத்திக்க."

வேம்புலி மாற்றவில்லை. இவன் டீயில் சக்கரை இல்லை என்பதும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். ஜோடிக் கப்பின் மற்றொன்று அவள் கையில் இருந்தது. அவள் குடிக்கிற வேகத்துக்குத் தானும் குடித்தார். கசக்கக் கசக்க, முகத்தைச் சுளிக்காமல், அடிவரை குடித்துவிட்டுக் கப்பை அவள் கப்புக்குப் பக்கத்தில் வைத்தார். நாகவல்லி அந்த டம்ளர் டீயை அந்த ஆள் கையிலிருந்து வாங்கித் தானே குடித்துவிட்டு, அவருக்கு வேறு டீ போடப் போனாள். அவளுக்குச் சக்கரை கிடைத்தால் போதும்.

மறுநாள் காலையில் அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கதவுக்கு வந்தபோது, வேம்புலி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். கையில் ஏசித் தண்ணீர் பக்கெட், பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.